ஆணியில் தொங்கும் பிரசாதம்

எலியட்ஸ் கடற்கரையில் ஞாயிறு காலையில் தலை நிமிராமல் நடந்துபோகும் ஒருவரைப் பார்த்தால், பாவம், மோதிரத்தையோ வண்டிச் சாவியையோ தொலைத்துவிட்டார் என்று இரக்கப்பட்டு உதவிக்கு ஓடிவிடாதீர்கள். அவர் எதையும் தொலைக்கவில்லை. ஒரு கையில் கழுவிக் காயவைத்த பால் கவர், இன்னொரு கையில் முழங்கால் வரை சுருட்டிய பேன்ட்டின் விளிம்பு, சட்டைப் பையில் ஈரமாக ஏதோ ஒரு கனம்: இவர்தான் கிளிஞ்சல்காரர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ பொறுப்பான வேலை. வீட்டு ஹாலில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னே தள்ளி நிற்கும் கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சணல் துணி விரித்து, அதன்மேல் சிப்பி, சோழி, கூழாங்கல், அலை தேய்த்த ஒரு கட்டைத் துண்டு ஆகியவற்றை ஒட்டி, கீழே வெள்ளை மையில் ‘கோவளம், 2019’ என்று எழுதியிருப்பார். பெண்பாலிலும் இந்த இனம் உண்டு. பால் கவருக்குப் பதிலாகக் கைப்பையின் பக்கவாட்டு அறை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்த விருந்தாளி காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் அந்தச் சுவர் பக்கம் திருப்பப்பட்டுவிடுவார்.

இவரைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. கலை ரசிகர் என்பது உறவினர் கருத்து. இயற்கை ஆர்வலர் என்பது அவருடைய சொந்தக் கருத்து. இரண்டையும் சற்றே உரசிப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். என்னுடைய கட்சி, அவர் ஒரு யாத்திரிகர் என்பது. திருப்பதிக்குப் போனவர் லட்டோடும், பழனிக்குப் போனவர் பஞ்சாமிர்த டப்பாவோடும், குற்றாலத்துக்குப் போனவர் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் திரும்பிவரும் சமுதாயத்தில் அவர் பிறந்தார். வெறுங்கையோடு வாசற்படி ஏறும் துணிச்சல் அவர் ரத்தத்தில் இல்லை. கடலுக்கோ பிரசாத ஸ்டால் கிடையாது. சுண்டல் உண்டு; அது ஆட்டோ அடையாறு தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே அவர் தமக்கான பிரசாதத்தைத் தாமே குனிந்து எடுத்துக்கொள்கிறார். இதை ஒப்புக்கொண்டால் அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும்; ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றுமே விளங்காது.

முதலில் அவருடைய விலங்கியல் ஞானத்தை எடுத்துக்கொள்வோம். கடல்வாழ் உயிரினங்கள் அவரிடம் மூன்றே வகை. சின்னது சோழி, பெரியது சங்கு, மிச்சமெல்லாம் சிப்பி. மீனவர் யாராவது இது மட்டி, இது முள்ளிச்சங்கு, இது ஐவிரல் சங்கு என்று பிரித்துச் சொன்னால் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் மூன்று வகைக்கே திரும்பிவிடுவார். வெள்ளையாக, நீள்வட்டமாக, எடையே இல்லாமல் சென்னைக் கரையில் ஒதுங்கும் ஒரு பொருளை ‘ஏதோ ஆதிகாலத்து மிருகத்தின் எலும்பு’ என்று சொல்லிச் சட்டத்தின் நடுநாயகமாக ஒட்டியிருக்கிறார். அது கணவாயின் உள்ளோடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் அதைக் கூண்டில் செருகிவைக்க, பறவைகள் அலகைத் தீட்டிக்கொள்ளும். உண்மையான இயற்கை ஆர்வலருக்கு இது தெரியாமல் போனால் அவமானம். பிரசாதம் வாங்கி வந்தவருக்கு இதில் அவமானம் ஒன்றுமில்லை. பஞ்சாமிர்தத்தில் விழுந்தது எந்த மலை வாழைப்பழம் என்று யார் விசாரிக்கிறார்கள்? எந்தத் தலத்திலிருந்து வந்தது, எப்போது போனீர்கள், இந்த இரண்டும்தான் கேள்வி. சட்டத்தின் அடியில் அவர் எழுதிவைப்பதும் இந்த இரண்டுக்குமான பதில்தான்.

அடுத்தது, பொருள் கரைக்கு வந்து சேரும் வழி. அலை கொண்டுவந்து காலடியில் வைத்தது என்பார். பாதி அப்படித்தான். மீதிப் பாதியைக் கொண்டுவருவது வலை. மீனைப் பிரித்தெடுத்த பிறகு கண்ணிகளில் மாட்டிக்கொண்டிருக்கும் சங்கும் நண்டோடும் கல்லும் மீனவருக்கு வெறும் தொல்லை. மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விடுவித்து வீசிவிட்டுப் போகிறார்கள். ஆழத்திலிருந்து உடையாமல் வந்த நல்ல உருப்படிகள் அந்தக் குவியலில்தான் இருக்கும். கிளிஞ்சல்காரருக்கும் அது தெரியும். வலை உதறிய குப்பையைப் பொறுக்கிக் கண்ணாடி போட்டு மாட்டுகிறாரே என்று சிரிப்பவர்கள் கோயில் வழக்கத்தை மறந்துவிட்டார்கள். படைத்து மிஞ்சியதற்குப் பெயர்தான் பிரசாதம். சாமி கழுத்திலிருந்து கழற்றிய மாலையைத்தான் அர்ச்சகர் நம் கழுத்தில் போடுகிறார். அதற்கு நாம் குனிந்து கொடுக்கிறோம். கடல் கழற்றிப் போட்டதற்கு இவர் குனிகிறார். சம்பிரதாயத்தில் எங்கும் பிசகில்லை. கடல் கொடுக்கும் பிரசாதத்தில்தான் இப்போது கலப்படம் வந்துவிட்டது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரையெங்கும் பிளாஸ்டிக் குருணைகள் கொட்டிக்கிடந்தன. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கவிழ்ந்தபோது கன்னியாகுமரிக் கரைவரை அதே குருணை வந்து ஒதுங்கியது. பார்வைக்கு ஜவ்வரிசி மாதிரியே இருக்கும் அதை, ஏதோ மீனின் முட்டை என்று நினைத்து ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் அள்ளி வைத்துக்கொண்ட கிளிஞ்சல்காரர்கள் இருந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இவர் கலை ரசிகர் இல்லை என்பதற்கு ஃபிரேம் கடையே சாட்சி. தமிழ்நாட்டில் ஃபிரேம் கடை என்பது ஓவியங்களுக்காக ஏற்பட்ட இடம் இல்லை. உள்ளே போனால் முருகன், மகாலட்சுமி, கல்யாண ஜோடி, பி.இ. பட்டம், காலமான தாத்தா ஆகியோர் சாய்த்து வைக்கப்பட்டிருப்பார்கள். சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இடம் பெற ஒரு தமிழ்க் குடும்பத்தில் தெய்வமாக இருக்க வேண்டும், தெய்வமாகிவிட்டிருக்க வேண்டும், அல்லது முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒரு மட்டியை நுழைப்பது லேசான காரியமா? கடைக்காரர் பால் கவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “சாமி படம்னா கோல்டு பார்டர், காலமானவங்கன்னா கருப்பு. இதுக்கு எது சார்?” என்று கேட்கிறார். கலை ரசிகராக இருந்தால் வெள்ளை மரச்சட்டம், மெல்லிய விளிம்பு, சுற்றிலும் வெற்றிடம் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நம்மவர் யோசிக்கவே இல்லை. “கோல்டே போடுங்க.” மாட்டும் இடத்தையும் கவனியுங்கள். செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் மாட்ட மாட்டார். பாத்ரூம் பக்கம் மாட்டலாமே, கடல் சம்பந்தப்பட்டதுதானே என்று மருமகள் சொன்ன யோசனைக்கு இன்றுவரை அந்த வீட்டில் மன்னிப்பு கிடைக்கவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், செல்போனில் அழகழகான வீடுகளின் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போன பழக்கம், இதற்கும் பழனிக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்பார்கள். வெள்ளைக்காரன் பழக்கம்தான், ஆனால் அந்த வெள்ளைக்காரனையும் சற்று விசாரிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 1830 முதல் 1880 வரை, கப்பல்காரர்கள் ஊர் திரும்பும்போது மனைவிக்கும் காதலிக்கும் எண்கோண மரப்பெட்டிகள் கொண்டுவந்தார்கள். உள்ளே கண்ணாடிக்கு அடியில் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கிளிஞ்சல்களால் பூக்களும் இதயமும் அன்பு வாசகமும் கோத்திருக்கும். மாலுமியின் வாலன்டைன் என்று பெயர். நடுக்கடலில் ஓய்வு நேரத்தில் அவர்களே உட்கார்ந்து செய்தது என்று வெகுகாலம் எல்லோரும் உருகினார்கள். பிற்காலத்தில் பழுது பார்க்கப் பிரித்த ஒரு பெட்டிக்குள் அடித்தாளாகப் பார்படாஸ் தீவின் செய்தித்தாள் இருந்தது. பெரும்பாலானவை அந்தத் தீவில் தயாராகிக் கடையில் விலைக்கு விற்றவை என்பது அப்புறம்தான் தெரியவந்தது. கன்னியாகுமரிக் கடையில் வாங்கிய சங்கைப் பொட்டலம் பிரித்துக் கழுவி, ‘விடியற்காலையில் பாறை ஓரமா கிடைச்சுது’ என்று சொல்லும் நம்மவருக்கு இவர்கள் முன்னோர். அவர்களையும் ஆட்டிவைத்தது ரசனையில்லை. வாசலில் காத்திருப்பவள் கையில் எதையாவது வைத்தாக வேண்டிய கட்டாயம்தான். இந்த வியாபாரத்தின் வீச்சு சாதாரணமானது என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் மார்க்கஸ் சாமுவேல் என்பவர் 1833-ல் ஒரு பழம்பொருள் கடை வைத்துக் கீழ்த்திசைக் கிளிஞ்சல்களை இறக்குமதி செய்து அலங்காரத்துக்கு விற்றார். அவர் மகன்கள் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். 1892-ல் சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பிய முதல் எண்ணெய்க் கப்பலுக்கு மியூரெக்ஸ் என்று ஒரு முள்ளிச்சங்கின் பெயரையே வைத்தார்கள். 1897-ல் தொடங்கிய நிறுவனம்தான் ஷெல். ஹால் அலங்காரத்தில் ஆரம்பித்தது பெட்ரோல் பங்கில் போய் நிற்கிறது. கிளிஞ்சல்காரரின் மனைவி இந்தக் கதையைக் கேட்டால், அவங்களாவது சம்பாதிச்சாங்க என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஆக, கரையிலிருந்து வீட்டுக்கு எதையாவது கொண்டுபோகும் ஆசை எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு ஓர் ஒழுங்கு வகுத்துவைத்தது நம் முன்னோர். காசி யாத்திரையின் முழு முறையைப் பாருங்கள். ராமேஸ்வரத்துக் கடல் மணலை எடுத்துப் பூசை செய்து, வடக்கே கொண்டுபோய்ப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கைத் தண்ணீரைச் சுமந்துவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி. மணலை எடுப்பது பாதிக் கர்மம், கரைப்பது மறுபாதி. கிளிஞ்சலுக்கும் இதே கதிதான். காளவாயில் வெந்து சுண்ணாம்பாகி வெற்றிலையோடு வாய்க்குள் போனது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவோடு அரைபட்டுப் பளிங்குபோலச் சுவரில் இழைந்தது. தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையலாயிற்று. சோழி பகடையாக உருண்டு தேய்ந்தது. கன்னியாகுமரியில் மட்டும், தேவியின் கல்யாணம் நின்றுபோக, விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலும் கல்லுமாகிவிட்டதாகக் கதை சொல்லி, பல நிற மணலைப் பாக்கெட்டில் விற்கிறார்கள். அதுவும் சமையலறைச் சரக்குதான், வேகாமல் போனது. கரையிலிருந்து வந்த ஒவ்வொன்றும் தின்றோ, தேய்ந்தோ, கரைந்தோ கணக்குத் தீர்ந்துவிடும். நம் கிளிஞ்சல்காரர் பழக்கத்தின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டார். லட்டை எறும்பாவது தின்னும். ‘கோவளம், 2019’ஐ என்ன செய்வது? குப்பையில் போட முடியாது, பிரசாதமாயிற்றே. கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுத்தால் வாங்கியவர் வீட்டிலும் அதே சங்கடம். ஹால் நிறைந்தால் படுக்கையறை, அது நிறைந்தால் லாஃப்ட், வீடு மாறும்போது ‘ஜாக்கிரதை, கண்ணாடி’ என்று எழுதிய அட்டைப்பெட்டி.

தீர்க்க ஆளில்லாத பிரசாதத்தைத் தீர்க்கும் வேலையை வேதியியல் எடுத்துக்கொள்கிறது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட்; அமிலத்துக்கு ஆகாது. 1899-ல் லாஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயர், அலமாரிகளில் பத்திரமாக வைத்திருந்த கிளிஞ்சல்கள் வெள்ளையாகப் பூத்து உதிர்வதைப் பற்றி எழுதினார். கிருமிதான் காரணம் என்று நினைத்தார். கிருமி நிரபராதி. ஓக் மர அலமாரியிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி, அதாவது வினிகரின் ஆவி, ஓட்டோடு சேர்ந்து உப்பாகப் பூத்துக்கொண்டிருந்தது. இன்றும் அந்த நோய்க்குப் பைன் நோய் என்றே பெயர். நம் ஃபிரேம் கடைகள் பின்பலகையாகப் போடும் பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் இதே ஆவியை விடுபவை. ஒட்டுவதற்குப் பிழியும் சிலிக்கான் புளித்த வாடை அடித்தால் அதிலிருந்து வருவதும் அசெட்டிக் அமிலம்தான். காற்றுப் புகாமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் டேப் ஒட்டி அடைத்தால், ஆவி வெளியே போகவும் வழியில்லை. நல்ல தண்ணீரில் நாள்கணக்காக ஊறவைத்து உப்பை எடுக்காமல் ஒட்டிய சிப்பி, சென்னையின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு ஐப்பசி மழையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். உள்ளே நத்தை குடியிருந்ததைக் கவனிக்காமல் ஒட்டியிருந்தால் மூன்றாம் நாள் வீடே எலி செத்திருக்கிறது என்று பீரோவை நகர்த்திக்கொண்டிருக்கும். பல வருஷம் கழித்து வெள்ளைப் பூப்பைப் பார்க்கும் கிளிஞ்சல்காரர், கடல் உப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று விருந்தாளிக்குக் காட்டுகிறார். ஃபிரேம் தின்றுகொண்டிருப்பதை எப்படிச் சொல்வது? நன்மை கருதுவோர் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அமிலமில்லாத அட்டை, உலோகச் சட்டம், நன்றாகக் கழுவிய ஓடு, கொஞ்சம் காற்று. இவற்றோடு வைத்தால் அவர் பேரன் காலம்வரை தாங்கும். பேரன் இதைக் கேட்டு மகிழ்வானா என்பது தனி விஷயம்.

கடைசியாக, நிஜமாகவே கனமான ஒரு கேள்வி. கடலில் இல்லாத கிளிஞ்சலா, ஒரு பிடி அள்ளினால் குறைந்தா போய்விடும் என்று அவர் கேட்பார். ஒரு பிடியால் குறையாது. ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் லார்கா என்ற கடற்கரையில், எழுபதுகளின் கடைசியில் எண்ணிய கிளிஞ்சல்களை முப்பது ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ மூன்று மடங்கானார்கள். கிளிஞ்சல் அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஒவ்வொருவரும் ஒரு பிடிதான் எடுத்திருப்பார்கள். காலி ஓடு நமக்குத்தான் காலி. முனிவர் நண்டுக்கு அது வாடகை வீடு. காளவாய்க்காரன் லாரி லாரியாக எரிக்கிறானே, அவனைக் கேளுங்கள் என்று அவர் திருப்புவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் காளவாய்க்காரன் தன்னை இயற்கை ஆர்வலன் என்று சொல்லிக்கொள்வதில்லை. போதாததற்குச் சட்டம் வேறு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001-ல் பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, இன்னும் சில பெரிய சங்கு வகைகள் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாகிவிட்டன. புலித்தோலை ஹாலில் மாட்டினால் என்ன வழக்கோ, அதே சட்டத்தின் வழக்குதான் வெள்ளைப் பவளத் துண்டை மாட்டினாலும். ‘ராமேஸ்வரம்’ என்று எழுதித் தேதியும் போட்டுத் தம் குற்றத்துக்குத் தாமே சாட்சியம் எழுதி மாட்டியிருக்கும் ஒரே இனம் இவர்தான். ஒதுங்கிக் கிடந்தது சார், செத்துப்போனது சார் என்பார். பவளம் உயிரோடிருந்ததா இறந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. அந்த ஒரு ஃபிரேமை இறக்கிவிடுங்கள் என்று சொன்னால், பிரசாதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன முகத்தோடு பார்க்கிறார்.

இப்போதைக்கு அவர் கவனம் தரங்கம்பாடி மேல் திரும்பியிருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். கரையைக் கடல் அரிக்க அரிக்க, அந்தக் காலத்துக் காசும் பீங்கான் துண்டும் மணலில் அகப்படுவதுண்டு. சிப்பியிலிருந்து சரித்திரத்துக்கு உயர்வது அவருக்கு இயல்பான அடுத்த படி. அங்கேயும் ஒரு சட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பச்சை பிடித்த டேனிஷ் செப்புக் காசு பத்து ரூபாய் பெறுமா பெறாதா என்று அவர் யாரிடமும் கேட்கப் போவதில்லை; முதலில் கோல்டு பார்டர் போட்டுவிடுவார். அந்த மதிப்பில் ஃபிரேமின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்பதற்குச் சட்டத்தில் வழிகாட்டல் இல்லை.